குமிழி பார்த்தவன்

என் தம்பி நிலோஜன் குமிழி பார்த்து வலை வீசுகிறவன். மட்டக்களப்பு வாவியை நாங்கள் செட்டிபாளையத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்று மீன் சேற்றைக் கிண்டினால் மேலே குமிழி வரும். சேறு புளித்துக் காற்று விட்டாலும் குமிழி வரும். கரையில் நின்று பார்க்கிற எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுக்கு அப்படியில்லை. மீன் விடுகிற குமிழி பொடியாக, ஒரு பக்கம் பார்த்து நகர்ந்து போகும். சேறு விடுவது நின்ற இடத்திலேயே பெரிதாக வந்து உடையும். தோணியில் எழுந்து நின்று கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு வீசுவான். வெறும் வலை வருவது அபூர்வம்.

அவனோடு தொழில் செய்கிற சீனித்தம்பி அண்ணன் அடிக்கடி பகிடி பண்ணுவார்.

"இவன் பள்ளிக்கூடத்துக்கு வராத நாளெல்லாம் தண்ணிக்கடியில இரிந்து படிச்சிரிக்கான்."

"நீங்க பள்ளிக்கூடம் போய் என்னத்தப் படிச்ச அண்ணன்? எனக்குப் பின்னால தோணி விடத்தானே?" என்று தம்பி திருப்பிக் கொடுப்பான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டை தைத்துப் பிழைக்கிறேன். எங்கள் அம்மா வயல் வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தது நான்தான். அதனால் அவனைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு சொல் சொன்னால் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். இந்தக் கதையை எழுதுவதும் அதனால்தான். ஊரில் சிலர் அவன் மனம் உடைந்து போனான் என்று மட்டும் சொல்கிறார்கள். தன் பிள்ளைக்காக அவன் என்ன செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நிலோஜனுக்குப் போக வீடு இருக்கவில்லை. அவன் முடித்த கஜானி வாகரைப் பிள்ளை. நாலு வயதில் சுனாமி அவளுடைய வீட்டையும் தாயையும் கொண்டுபோய்விட்டது. தகப்பன் பிறகு வேறு கலியாணம் செய்து திருகோணமலைப் பக்கம் போய்விட்டார். தாயின் தங்கை கண்ணகைதான் கஜானியை வளர்த்தார். அதனால் அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். வீட்டை நடுவில் தட்டி வைத்துப் பிரித்து ஒரு பக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தேன்.

கஜானியிடம் தாயின் படம் ஒன்றுகூட இல்லை. அல்பமும் அலமாரியும் வீட்டோடு போய்விட்டன. ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மச்சாள், எனக்கு அம்மாட கை ஞாபகமிரிக்கு. வளையல் ஞாபகமிரிக்கு. முகம் வரமாட்டெங்குது."

"உன்னைப் பார்த்தாத் தெரியாதா?"

"நான் அப்பா மாதிரியாம். சின்னம்மா சொல்ற, எனக்கொரு பொண் புள்ள பிறந்தா அதுக்கு அம்மாட முகம் வருமாம்."

அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. கர்ப்பமான நாளிலிருந்து பெண்பிள்ளை, பெண்பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணகை வாகரையிலிருந்து வரும்போதெல்லாம், "பொறு, பொறு, அக்காவ நான் உனக்குக் காட்டுறன்" என்று அவளுடைய வயிற்றைத் தடவிச் சொல்வார்.

பெண்பிள்ளைதான் பிறந்தது. ஆனால் ஏழாம் மாதம் முடியுமுன் பிறந்துவிட்டது. ஒரு கிலோவுக்கும் குறைவு. அழுகைகூட வெளியே கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் உடனே குறைமாதப் பிள்ளைகளின் பிரிவுக்குக் கொண்டுபோய்த் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் மூச்சு விடவைத்தார்கள். நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை என்றார்கள். சில நாட்களில் அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் போத்தலுக்கு மாற்றினார்கள்.

அந்தப் போத்தலைப் பற்றி நான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் இரண்டு மூக்குத் துவாரத்திலும் சின்ன ரப்பர் முனைகளைச் செருகுவார்கள். அதன் வழியாகச் சூடும் ஈரமும் சேர்ந்த காற்று போகும். மறுபக்கத்துக் குழாயின் நுனி தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்ந்திருக்கும். எவ்வளவு ஆழம் தாழ்த்துகிறார்களோ அதற்கேற்ற அழுத்தம் பிள்ளையின் நெஞ்சுக்குள் நிற்கும். அப்போதுதான் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாது. மிஞ்சிய காற்று போத்தலில் குமிழியாக வெளியேறும். கொடகொடவென்று இரவும் பகலும் ஒரே சத்தம்.

ஆழம், தண்ணீர், குமிழி. நிலோஜனுக்கு இதைவிட வேறு என்ன விளங்க வேண்டும்? தகப்பன்மாரைப் பகலில் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். கையை முழங்கைவரை கழுவி, அவர்கள் கொடுக்கும் மேலாடையைப் போட்டுக்கொண்டு போவான். வெளியே வந்ததும் சொல்வான்.

"அக்கா, இண்டைக்குக் குமிழி வடிவா வருது. பொடிப்பொடியா, விடாம வருது. நல்லா மூச்செடுக்கிறாள்."

சீனித்தம்பி அண்ணன் போனில் கேட்டாலும் அதையே சொல்வான். ஊருக்கும் அந்தச் சொல்தான் போனது. குமிழி பார்க்கிறவன் சொன்னால் பிழையாகுமா?

அந்தக் குழாய்களைப் பிடித்து வைக்கத் தலையில் இறுக்கமான தொப்பி வேண்டும். அங்கே இருந்த தொப்பி பிள்ளைக்குப் பெரிதாக இருந்தது. அது நகர்ந்தால் மூக்கிலுள்ள முனையும் நகரும். தாதி நிஸ்மியா காத்தான்குடிப் பெண். என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க தைக்கிறவங்களாமே. மெல்லிசான பின்னல் துணியில, மடிச்சு விடுற மாதிரி ரெண்டு மூணு தைச்சுத் தாங்களேன்" என்று கேட்டார். தலையின் சுற்றளவை நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

பழைய பெனியனைக் கொதிநீரில் போட்டெடுத்து வெட்டினேன். தையல் மடிப்பு தோலில் படக்கூடாதென்று வெளிப்பக்கம் வைத்தேன். நிலோஜன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"என்னக்கா, தோடம்பழத்துக்கா தொப்பி தைக்கிறாய்?"

"ஓம்டா. உன்ர தலை பூசணிக்காய். அதுக்குத் தைச்சும் களைச்சிப்போனன்."

அவன் சிரித்தான். அந்த ஆஸ்பத்திரி நாட்களில் அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அடுத்தநாள் உள்ளே நடந்ததை அவனும் சொன்னான், நிஸ்மியாவும் சொன்னார். அவன் போத்தலுக்கு முன்னால் நின்று குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு மெஷின் கத்தியது. அங்கே எந்த நேரமும் ஏதாவது ஒன்று கத்தும். அவன் திரும்பவில்லை. நிஸ்மியா ஓடிவந்து அவனை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார். முதுகைத் தேய்த்தார். அப்போதுதான் அவன் பிள்ளையைப் பார்த்தான். உதடும் கன்னமும் நாவற்பழம் போலக் கறுத்திருந்தன. கொஞ்சத்தில் ஒரு விக்கல் மாதிரி எடுத்து, பிறகு நெஞ்சு அசைந்தது. நிறமும் திரும்பியது.

"மிஸி, குமிழி நிக்கல்லியே!" என்றானாம்.

"குமிழி மெஷின்ட காத்து தம்பி. புள்ளைட மூச்சில்ல. புள்ள மூச்ச விட்டாலும் வரும், நிறுத்தினாலும் வரும். குறைமாதப் புள்ளைகள் மூச்செடுக்க மறந்துபோகும். நீங்க போத்தலப் பார்க்காதீங்க. நெஞ்சப் பாருங்க."

அவன் வெளியே வந்து என் பக்கத்தில் மர வாங்கில் இருந்தான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அதை அவன் வாங்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அது சேத்துக் குமிழிக்கா. நான் மீனெண்டு நினைச்சிட்டன்."

அதற்குப் பிறகு அவன் போத்தல் பக்கம் பார்ப்பதை விட்டான். விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்செடுக்கும்போது முனகல் வருகிறதா என்று பார்க்க நிஸ்மியா சொல்லிக் கொடுத்தார். அதை ஒழுங்காகப் பழகிக்கொண்டான். வெளியே வந்தால், "இண்டைக்குக் குழி கொஞ்சம் கூடவா விழுது" என்பான். அல்லது, "இண்டைக்குப் பரவாயில்ல" என்பான். நன்றாக இருக்கிறாள் என்ற சொல்லை அவன் அதன் பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

கஜானி தாய்மார் தங்கும் அறையில் இருந்தாள். பாலைப் பிழிந்து சின்னக் கோப்பையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பிள்ளையைப் பார்ப்பாள். ஆனால் என்னத்தைப் பார்ப்பது? தொப்பி புருவம்வரை இறங்கியிருக்கும். கன்னத்தில் பட்டி. மூக்கை மூடிக்கொண்டு குழாய். வாயோரம் பால் போகிற இன்னொரு குழாயும் பிளாஸ்தரும். பட்டி இழுத்துக் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"மச்சாள், பெத்த எனக்கு அவள்ட காலைத்தான் தெரியும்" என்றாள் ஒருநாள். "காலைக் கண்டு என்ன செய்ய?"

அந்த முனைகள் அழுத்தி அழுத்திப் பிள்ளையின் மூக்குக்கு நடுவில் புண் வந்தது. அப்போது பெரிய டொக்டரம்மா இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். நானும் பின்னால் நின்றேன். வேறு ஒரு முறையும் இருக்கிறது என்றார். மெல்லிய குழாய். மூக்கை அடைக்காது, தொப்பி வேண்டாம், பட்டி வேண்டாம். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி வேகமாக அனுப்பும். மூக்குப் புண் ஆறும்.

"அப்ப அதில ஏன் முதல்லயே போடல்ல டொக்டர்?" என்று தம்பி கேட்டான்.

டொக்டரம்மா கோபிக்கவில்லை. "நல்ல கேள்வி. ரெண்டையும் வச்சுப் பல நாடுகள்ல ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஆனா இவவைப் போல ரொம்பச் சின்னவங்களில, மெல்லிய குழாய் போதாமல் திரும்பிப் போத்தலுக்கு வாறவங்க கூடுதல். போத்தலில எவ்வளவு அழுத்தம் எண்டு எங்களுக்குத் தெரியும். இதில உள்ள எவ்வளவு நிக்குது எண்டு சரியாச் சொல்ல ஏலாது. போட்டுப் பார்ப்பம். தாங்கினா நல்லம்."

"அதில சத்தம் வருமா?"

"பெரிசா வராது."

கஜானி ஒன்றைத்தான் கேட்டாள். "முகம் தெரியுமா டொக்டர்?"

"ஓம், தெரியும்."

மாற்றுவதாகச் சொன்ன நாளில் கஜானிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்காரர் யாரையும் அந்தப் பிரிவுக்குள் விடமாட்டார்கள். அது சரியான சட்டம். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தும்மலே போதும். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் குந்திக்கொண்டிருந்தாள். நிலோஜன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"சொல்லுங்க. என்ன மாதிரி இரிக்காள்?"

"சின்ன முகம்."

"அது தெரியும். மூக்கு? நாடி? நெத்தி எப்பிடி?"

"வடிவா இரிக்காள் கஜானி."

"ஒரு முகத்தச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு? ஆத்துல ஒரு குமிழியக் கண்டா அதப்பத்தி ஒரு மணித்தியாலம் பேசுவீங்க!"

 பிள்ளையின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்த நேரம் முழுவதும் நெஞ்சைத்தான் பார்த்திருப்பான். சத்தமில்லாத அந்த மெஷினுக்குப் பக்கத்தில் அவனுக்கு வேறு எதைப் பார்க்கத் துணிவு வந்திருக்கும்?

கஜானியின் காய்ச்சல் விடுமுன் பிள்ளை களைத்துவிட்டாள். விலாக்குழி ஆழமாக விழுந்தது. திரும்பவும் போத்தல், தொப்பி, பட்டி. கஜானி உள்ளே போனபோது பழையபடி கால்தான் தெரிந்தது.

வாரங்கள் போயின. பிள்ளை கொஞ்சம் பாரம் கூடினாள். ஆனால் நுரையீரல் தேறவில்லை. இத்தனை நாள் காற்றையும் ஒட்சிசனையும் அழுத்தி அழுத்தி விட்டதில் அது வடுப்பட்டுப் போயிருக்கிறது என்றார்கள். அந்த உதவி இல்லாவிட்டால் பிள்ளை இல்லை; அந்த உதவியும் சும்மா விடாது. டொக்டரம்மா இதைச் சொல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கு மேல் ஒரு கிருமி பிடித்தது. தொண்டைக் குழாயைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். கிருமி அடங்கியது போல இருந்தது, எடுத்தார்கள். பிறகு மற்றொரு கிருமி.

கடைசியாகக் கூப்பிட்டபோது நாங்கள் மூவரும் போனோம். தொண்டைக் குழாய் இனி அவளைத் திருப்பாது, வலியைத்தான் கூட்டும் என்றார் டொக்டரம்மா. "போத்தலிலயே வச்சிருந்தா இன்னும் கொஞ்சம் இருக்கக்கூடும். நாளோ, ஒரு கிழமையோ, சொல்லத் தெரியாது. இல்லாட்டி மெல்லிய குழாயைப் போட்டு, நோவுக்கும் மருந்து குடுத்து, தாயிட மடியில வைக்கலாம். அதில கனநேரம் தாங்கமாட்டா. ரெண்டில எதைச் செய்தாலும் பிழையில்ல. நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்க."

கஜானி நிலோஜனைப் பார்த்தாள். "நான் எப்பிடிச் சொல்ற? முகம் பார்க்கிற ஆசையில எடுக்கச் சொல்லிட்டன் எண்டு வரும். நீங்க சொல்லுங்க."

என் தம்பி கையிரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தான். வலை இழுத்துத் தடித்த கை. அந்தச் சத்தமில்லாத மெஷினுக்கு அவன் எவ்வளவு பயந்தான் என்று எனக்குத் தெரியும். போத்தல் இருக்கும்வரை ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பொய்யென்று தெரிந்தாலும் அது ஓடும்.

"வாகரையில இரிந்து சின்னம்மா வரட்டும்" என்றான். "அதுவரைக்கும் வச்சிரிங்க டொக்டர். அவ வந்த பிறகு போத்தல எடுங்க."

"நல்லது" என்றார் டொக்டரம்மா.

கண்ணகை அடுத்தநாள் முதலாவது பஸ்ஸில் வந்தார். எப்போதும் யாரையும் விடாதவர்கள் அன்று எங்கள் நாலு பேரையும் விட்டார்கள். திரையை இழுத்து மறைத்து ஒரு கதிரை போட்டார்கள். நிஸ்மியா எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிளாஸ்தரை ஊறவைத்து, தோல் பிய்யாமல் எடுத்தார். பட்டியை அவிழ்த்தார். நான் தைத்த தொப்பியை இரண்டு கையாலும் தூக்கினார். உள்ளே அவ்வளவு முடி இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சுருள் முடி.

மூக்கிலிருந்து முனைகளைக் கழற்றியதும் போத்தலில் குமிழி நின்றது. அத்தனை வாரமும் காதில் இருந்த சத்தம் சட்டென்று இல்லை. நிலோஜன் திடுக்கிட்டுப் போத்தலைப் பார்த்தான். உடனே பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தான். நெஞ்சு நிற்கவில்லை. மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மெல்லிய குழாயை மூக்கருகில் வைத்துப் பிள்ளையைக் கஜானியின் மடியில் கொடுத்தார்கள். முகம் தெரிந்தது. கன்னத்தில் பட்டியின் தடம், மூக்கு நடுவில் ஆறிய புண். மற்றபடி முழு முகம். கஜானி ஒரு விரலால் நெற்றியிலிருந்து நாடிவரை கோடு போல இழுத்தாள். பிறகு தலை நிமிர்ந்து கண்ணகையைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

கண்ணகை குனிந்தார். கொஞ்ச நேரம் எடுத்தது.

"அக்காதான்" என்றார். "அக்காவேதான் புள்ள. இந்த நெத்தி, இந்த வாய். பாத்துக்கொள். நல்லாப் பாத்துக்கொள்."

கஜானி அப்போதுதான் அழுதாள். "அம்மா" என்று பிள்ளையைக் கூப்பிட்டாள். நாங்களும் பெண்பிள்ளைகளைக் கொஞ்சும்போது அப்படிக் கூப்பிடுவதுதான். அன்று அவள் கூப்பிட்டது அப்படியில்லை.

நிஸ்மியா நிலோஜனின் போனைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். அவன் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். உள்ளங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்திருந்தான். அந்தக் கை நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து மூடியது. மூச்சுகளின் இடைவெளி கூடிக் கூடிப் போனதை அவன் கையில்தான் நாங்கள் பார்த்தோம். ஒரு நேரத்தில் கை அசையவில்லை. அவன் எடுக்கவும் இல்லை. நிஸ்மியா காதுக்குழலை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார். "போதும் தம்பி" என்று அவன் தோளைத் தொட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு எங்களில் எட்டு, முப்பத்தொன்று என்று செத்தவீட்டுச் சடங்கு எதுவும் பெரிதாகச் செய்வதில்லை. கடற்கரைப் பக்கத்துச் சவக்காலையில் புதைத்துவிட்டு, முழுகி, வீட்டுக்கு வந்தோம். தொப்பியைப் பிள்ளையோடு வைத்தோம். குளிரும் என்று கஜானி சொன்னாள்.

அந்தப் படத்தை மட்டக்களப்பில் கொடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் கொழுவியிருக்கிறாள். யாராவது வந்தால், "இது எங்கட மகள். எங்கட அம்மாவும் இப்பிடித்தான் இரிந்தாவாம்" என்று காட்டுவாள். வாகரையிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஓமோம்" என்பார்கள். நான் எதுவும் சொல்வதில்லை. அந்த முகத்தை நான் இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்திருக்கிறேன். அந்த நெற்றியும் வாயும் சுருள் முடியும் நிலோஜனுடையவை. சின்ன வயதில் அவன் அச்சொட்டாக இப்படித்தான் இருந்தான்.

அவன் கொஞ்ச நாள் ஆற்றுக்குப் போகவில்லை. பிறகு சீனித்தம்பி அண்ணன் வந்து கூப்பிட்டார். பகிடி எதுவும் இல்லை. "வா மனே, தோணி காயுது" என்றார். இப்போது போகிறான். குமிழி கண்டால் உடனே வீசுவதில்லையாம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறானாம். மீன் குறைவுதான்.

ஒருநாள் விடியத் தொழிலுக்குப் போகுமுன் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றான். கஜானி கிணற்றடியில் இருந்தாள்.

"அக்கா" என்றான். "அது ஆர்ட முகம்?"

கேட்டானே தவிர என் பக்கம் திரும்பவில்லை. கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது.

"கஜானிட அம்மாட முகமாம்" என்றேன். "சின்னம்மா பாத்துத்தானே சொன்னவ."

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தான். தண்ணீரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

"ஓம்" என்றான். "மாமிதான்."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனான்.